மேல்மாடிச் சீழ்

என் கணவரின் பின்பக்கத்தில் சீழ் இருக்கவேண்டும் என்று காளி கோயிலில் நேர்த்தி வைத்தவள் நான். சிரிப்பதென்றால் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். அன்றைக்குக் கோயிலில் எனக்குப் பக்கத்தில் நின்ற பெண், மகளுக்குக் கனடா மாப்பிள்ளை கேட்டு அழுதுகொண்டிருந்தாள். நான் சீழ் கேட்டு அழுதுகொண்டிருந்தேன். அவளுக்குக் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. என்னுடையதைச் சொல்கிறேன்.

நான் திருகோணமலையில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். ஆட்களின் உடம்பிலிருந்து வெட்டியெடுத்த சதைத் துண்டுகள் போத்தல்களில் எங்களிடம் வரும். அவற்றை மெழுகில் புதைத்து, இயந்திரத்தில் பூட்டி, வெங்காயச் சருகைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் துண்டில் ஏற்றிச் சாயம் போட்டு, டொக்டரின் நுணுக்குக்காட்டிக்கு அனுப்புவது என் வேலை. கலியாண வீடுகளில் "என்ன வேலை பிள்ளை?" என்று கேட்பவர்களுக்கு ஆரம்பத்தில் இதை முழுவதாக விளக்கிவந்தேன். அதன்பிறகு என் கையால் ஒரு வடைகூட வாங்கமாட்டார்கள். இப்போது "லாப்பில" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். உடனே சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தங்கள் சீனி வருத்தத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

என் கணவர் துறைமுகத்தடியில் படகு திருத்தும் முற்றம் ஒன்றில் வேலை செய்கிறார். கரையேற்றிய படகுகளில் துருவும் சிப்பியும் சுரண்டிப் பெயின்ட் அடிப்பது அவர் வேலை. அந்த வேலை அவருடைய கையோடு நின்றிருந்தால் பரவாயில்லை, தலைக்குள்ளும் ஏறிவிட்டது. உலகத்தில் எது பழுதானாலும் அவருக்கு மூன்றே வைத்தியம்: சுரண்டு, கழுவு, பூசு. அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டு கேட் இழுவைப்படகுச் சிவப்பு. குளியலறைக் கதவு கடற்படைச் சாம்பல் நிறம். ஒருநாள் நான் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து என் தையல் மெஷினையும் சுரண்டிக் கழுவிப் பூசிவிட்டார். அழகாகத்தான் இருக்கிறது. ஓடுவதில்லை.

தம்பலகாமத்தில் ஒரு கலியாண வீட்டில்தான் முதலில் எனக்குச் சந்தேகம் வந்தது. பிளாஸ்டிக் கதிரையில் மனுஷன் ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டு சாப்பிட்டார். பக்கத்துக் கதிரைக்காரர், தன்மேல் ஆள் சாய்கிறதே என்று ஒதுங்கி ஒதுங்கிக் கடைசியில் இலையைத் தூக்கிக்கொண்டு வேறு வரிசைக்குப் போய்விட்டார். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தினேன்.

"இஞ்சாருங்கோ, திரும்புங்கோ பாப்பம்."

"என்னத்தைப் பாக்கப் போறீர்? கதிரை பிடிக்கேல்ல, அவ்வளவுதான்."

"கதிரை பிடிக்காட்டி ரெண்டு பக்கமும் எல்லோ பிடிக்காது. திரும்புங்கோ எண்டன்."

திரும்பினார். வலது பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, சிவந்த தடிப்பு. மேலே வெள்ளிச் செதில். எவ்வளவு காலம் என்று கேட்டால், போன மழைக்கு முதலேயாம். பார்மசியில் வாங்கின டியூப் ஒன்றும், வெளிநாட்டிலிருந்து வந்த கூட்டாளி கொடுத்த, என்ன பாஷை என்றே தெரியாத டியூப் ஒன்றும் மாறி மாறிப் பூசியிருக்கிறார். பூசினால் அடங்குமாம், விட்டால் வருமாம். ஒரே கட்டிலில் படுக்கிற எனக்கு ஒன்றும் தெரியாது! நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டில் டீவியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

தோல் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். டொக்டர் பார்த்தார், தொட்டார், "இதுவாயும் இருக்கலாம், அதுவாயும் இருக்கலாம், ஒரு துண்டு எடுத்துப் பாப்பம்" என்றார். அடுத்த கிழமை வரச்சொன்னார். போய், பயறளவு துண்டு எடுத்துத் தையலும் போட்டாயிற்று. அந்தத் துண்டு போத்தலில் மிதந்துகொண்டு எங்கள் ஆய்வுகூடத்துக்கே வந்து சேர்ந்தது. காலையில் சோற்றுப் பார்சலை மறந்துவிட்டுப் போகிறவர், இப்போது தன்னில் ஒரு பகுதியை என்னோடு வேலைக்கு அனுப்பியிருந்தார்.

எங்கள் டொக்டரம்மா தெற்கிலிருந்து வந்த சிங்களப் பெண். நோயாளர்களிடமே தமிழ் பழகியவர், ஆகவே எங்கள் ஊர்த் தமிழ்தான் பேசுவார். "மிஸ், சொந்தக்காரன்ட துண்டை நீங்க தொடக்கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். என்னோடு வேலை செய்யும் கிண்ணியாக்காரர் அதைச் சீவினார். எந்தத் துண்டை வெட்டும்போதும் விசிலடிக்கிற மனுஷன், அன்றைக்கு மரியாதைக்காக விசிலை நிறுத்திவிட்டார். என் புருஷனின் குண்டிக்கு அஞ்சலி மாதிரி இருந்தது. "அடியுங்கோ தம்பி, பரவாயில்லை" என்றேன்.

இரண்டு நாள் கழித்து டொக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். முகம் நன்றாக இல்லை.

தோலை ஒரு மாடி வீடு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். கீழ்மாடியில் உயிருள்ள கலங்கள், செல்கள் என்பவை, இருக்கும். அவை மேலே மேலே வந்து செத்து, மேல்மாடியில் செதிலாகி உதிரும். சொரியாசிஸ் என்ற வருத்தத்தில், வெள்ளைக் கலங்களில் ஒரு சாதி, நியூட்ரோபில் என்பது, மேல்மாடிவரை ஏறிவந்து அந்தச் செத்த செதிலுக்குள் சின்னச் சின்னக் கூட்டமாகப் பதுங்கிக்கொள்ளும். அசல் சீழ்தான், ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவு. நுண்சீழ்க்கட்டி என்று அதற்குப் பெயர். அரிப்பும் தொல்லையும் தரும், ஆளைக் கொண்டுபோகாது. வேறொன்றும் இருக்கிறது. தோலில் தொடங்குகிற ஒருவகை இரத்தக் கலப் புற்றுநோய். அதில் லிம்போசைட் என்ற இன்னொரு சாதிக் கலங்கள் கெட்டுப்போய், கீழ்மாடியில் உயிருள்ள கலங்களுக்கு நடுவில் கூட்டம் போடும். அதற்கும் நுண்சீழ்க்கட்டி என்றே பெயர். அதில் மருந்துக்கும் சீழ் கிடையாது. பெயர் வைத்தவருக்கு அன்றைக்கு என்ன அவசரமோ.

இதெல்லாம் எனக்குத் தெரியும். இந்தச் சொற்களை எத்தனையோ அறிக்கைகளில் பார்த்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் புதிதாகக் கேட்பதுபோல நின்றேன்.

"கீழ்மாடியில லிம்போசைட் கொஞ்சம் ஏறி நிக்குது, மிஸ். கட்டி எண்டு சொல்ற அளவுக்கு இல்ல. இல்ல எண்டும் விடேலாது."

"மேல்மாடியில?"

"அதுதான் பிரச்சினை. மேல்மாடியே இல்ல. யாரோ உடைச்சுப்போட்டாங்க." டொக்டரம்மா என்னைப் பார்த்தார். "யாரு இதைச் சுரண்டினது?"

யாரென்று எனக்குத் தெரியாதா! ஓட்டோ பிடித்து நேரே வீட்டுக்கு வந்தேன். மனுஷன் முற்றத்தில் வாளி ஒன்றுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

"டொக்டரிட்டப் போக முதல் அந்த இடத்தில என்ன செய்தனீங்கள்?"

"ஒண்டும் செய்யேல்லையே."

"உண்மையைச் சொல்லுங்கோ."

"ஒரு பெரிய மனுசனுக்கு முன்னால துருவோட போய் நிக்கிறதோ? மரியாதை எண்டு ஒண்டு இருக்கெல்லோ. கொஞ்சம் துப்புரவாக்கினனான்."

"என்னத்தால?"

வாளியைப் பார்த்தார். "சாண்ட் பேப்பர்தான். நைஸ் பேப்பர். வள்ளத்துக்குப் போடுற கரடு இல்லை."

"பிறகு?"

"பிறகு கழுவினனான்."

"பிறகு?"

"பிறகு டியூப் பூசினனான்."

சுரண்டு, கழுவு, பூசு! ஒன்றையும் விடவில்லை. எந்தச் செதிலுக்குள் சீழ் இருந்தால் நாங்கள் பிழைப்போமோ, அந்தச் செதிலை மரியாதைக்காகத் தேய்த்து எறிந்துவிட்டு வந்திருக்கிறார். "விசரே உங்களுக்கு? குண்டி என்ன கப்பலே?" என்று தொடங்கியவள், கத்திக் கத்தி, எங்கேயோ நடுவில் "புற்றுநோய்" என்ற சொல்லையும் சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்ல நினைத்திருக்கவில்லை.

பெயின்ட் பிரஷ்ஷை வாளிக்குக் குறுக்கே வைத்துவிட்டு நிலத்தில் உட்கார்ந்தார்.

"குண்டியிலயோ?"

"இருக்கலாமாம். இன்னும் தெரியாது."

"ஆருக்கும் சொல்லிப்போடாதேயும்" என்றார். சாவைவிட இடம்தான் அவருக்குப் பெரிய வெட்கமாக இருந்தது. அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை.

திரும்ப ஒரு துண்டு எடுக்கவேண்டும். அதற்கு முதல் அந்த இடத்தை ஒரு மாதமாவது கை படாமல் விடவேண்டும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். கிறீம் கூடாது, எண்ணெய் கூடாது, தேய்க்கக் கூடாது, சொறியக் கூடாது. வருத்தம் தன்பாட்டில் நன்றாக வளரட்டும். எதையும் சும்மா விடத் தெரியாத மனுஷனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. அவருடைய சாண்ட் பேப்பர், கம்பி பிரஷ், சுரண்டுகத்தி, இரண்டு டியூப் எல்லாவற்றையும் என் சேலை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். அதற்குப் பிறகு எந்தச் சேலை கட்டிக்கொண்டு போனாலும் டர்பன்டைன் மணம். பஸ்ஸில் ஒருவர் என்னிடம் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க என்ன கேட்பீர்கள் என்று விசாரித்தார்.

பின்னேரம் வேலையால் வந்து தேத்தண்ணி குடித்ததும் பார்வையிடல். அவர் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு பேப்பர் வாசிப்பார். நான் போன் வெளிச்சத்தில் கீரைப் பாத்தி பார்க்கிறவள்போலப் பார்ப்பேன்.

"எப்பிடி?"

"இண்டைக்கு நல்லா வந்திருக்கு."

"செதில்?"

"செதிலும் பரவாயில்லை. இந்த ஓரம் மட்டும் கொஞ்சம் வாடிப்போச்சு. சொறிஞ்சனீங்களோ?"

"சத்தியமா இல்லை."

பொய். அடுத்த நாள் கையும் களவுமாகப் பிடித்தேன். பின் வளவில் மாமரத்தில் சாய்ந்துகொண்டு நின்றார், முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"மரத்தோட என்ன கதை?"

"சும்மா சாஞ்சு நிக்கிறன்."

"சாஞ்சு நிக்கிறவர் ஏன் மேலயும் கீழயும் போறியள்?"

எங்கள் ஊரில் தெருவில் திரியும் மான்கள்தான் பஸ் நிலையத்துத் தூணில் அப்படி உரசும். மாமரத்தைச் சுற்றிப் கட்டிலுக்குக் கட்டும் பழைய நுளம்பு வலையைச் சுற்றிக் கட்டி, அதில் முள்ளுக் கம்பித் துண்டும் செருகிவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி, மாங்காய் களவு போகிறதா என்று கேட்டாள். ஓம் என்றேன்.

இந்த நிலைமையில்தான் சாம்பல்தீவிலிருந்து மச்சாள் வந்தார், இவருடைய அக்கா. தம்பிக்குப் படை என்று எப்படியோ மணம் பிடித்து, போத்தல் நிறைய எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்திருந்தார். புற்றுநோய்க் கதை அவருக்குத் தெரியாது. தெரிந்தால் அன்றைக்கே பந்தல் போட ஆள் பிடித்துவிடுவார்.

"ஒரு கிழமை பூசு. செதில் எல்லாம் கொட்டுண்டு போகும்" என்று குசினி அடுப்படியில் போத்தலை என் கையில் தந்தார்.

"ஐயோ மச்சாள், கொட்டுப்படக்கூடாது!"

"என்ன?"

"செதில் கொட்டுப்படக்கூடாது. அது நல்லா இருக்கவேணும்."

மச்சாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அறைக்குள் போய்த் தம்பியின் காதில், எனக்கும் கேட்கிற மாதிரி, "இவளுக்கு என்ன பிடிச்சிருக்கு? புருஷன்ர படையைப் பொத்திப் பொத்தி வளக்கிறாள்" என்றார். இவர் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார். அழுகிறான் என்று நினைத்து மச்சாள் முதுகைத் தடவிவிட்டார். சிரிக்கிறார் என்று எனக்குத் தெரியும், அதனால் இன்னும் கோபம் வந்தது. எண்ணெய்ப் போத்தலும் சேலை அலுமாரிக்குள் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிணற்றடியிலிருந்து கூப்பிட்டார். "இஞ்சாரும், ஒருக்கா வாரும்."

போனேன். எங்கள் தண்ணீர் மோட்டர் பழையது. அதை ஓடவைக்கும் வித்தை அவருக்கு மட்டும்தான் தெரியும். எங்கேயோ ஒரு தட்டு, எங்கேயோ ஒரு திருகு.

"இதை ஒருக்காப் பாத்துப் பழகி வையும். முதல்ல இஞ்ச தட்டவேணும். பிறகு இந்த நட்டை அரைவாசி இளக்கவேணும்."

"எனக்கேன் அது?"

"இல்லை, எப்பவும் நான் நிப்பன் எண்டு இல்லைத்தானே. தண்ணி இல்லாமல் நீர் தனிய என்ன செய்வீர்?"

மிகவும் சாதாரணமாகச் சொன்னார், கையில் ஸ்பானரோடு, நட்டைப் பார்த்துக்கொண்டு. அந்த ஸ்பானரைப் பறித்து வேலிக்கு அப்பால் எறிந்தேன். "எனக்கு மோட்டர் பழகத் தேவையில்லை! தண்ணி வேணுமெண்டா நீங்கள்தான் போடவேணும். கிழவனாகிக் கூனினாலும் நீங்கள்தான் வந்து தட்டவேணும்" என்று கத்திவிட்டு, கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு அவ்வளவு பயம். இவ்வளவு காலமும் மற்றவர்களின் புற்றுநோயைத் துண்டு துண்டாகச் சீவிய கை இது, ஒருநாளும் நடுங்கியதில்லை. போத்தலில் வருவதெல்லாம் யாரோ ஒருவருடையது என்ற துணிவு. அவர் வேலிக்கு அப்பால் போனார். பிறகு ஸ்பானரைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து, மோட்டரை அவரே போட்டார்.

அன்று பின்னேரம்தான் காளி கோயிலுக்குப் போனேன். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. வருத்தம் இல்லாமல் ஆக்கு என்று கேட்க முடியாது, வருத்தம் இருக்கிறது. கடைசியில் அம்மாளிடம் உள்ளதைச் சொன்னேன். அம்மாளே, மேல்மாடியில் சீழ் தா. கீழ்மாடியில் ஒன்றும் வேண்டாம். நியூட்ரோபில் தா, லிம்போசைட்டைத் திரும்பப் போகச் சொல்லு. அம்மாளுக்கு விளங்குமோ என்ற சந்தேகத்தில் இரண்டின் வடிவத்தையும் விவரமாகச் சொன்னேன். ஒன்றுக்குக் கரு துண்டு துண்டாக இருக்கும், மற்றதற்கு ஒரே உருண்டை. சீழ் தந்தால் ஒரு சாக்குத் தேங்காய் உடைப்பதாக நேர்ந்தேன். அப்போதுதான் அந்தக் கனடா மாப்பிள்ளைக்காரி அழுகையை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

இரண்டாவது துண்டு எடுக்கும் நாளுக்கு முதல் நாள், என்னைவிட அவர்தான் கவனமாகக் கேட்டார்.

"மேல்மாடிதான் முக்கியம், என்ன?"

"ஓம். ஒரு செதில்கூட விழக்கூடாது. கட்டின சாறம் உரசாமல் வாங்கோ."

"நீர் யோசியாதேயும். நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டே நான் பயந்திருக்கவேண்டும். நான் நேரத்தோடு வேலைக்குப் போய்விட்டேன். அவர் ஓட்டோவில் வந்தாராம், சீட்டில் முழங்காலில் நின்றுகொண்டு, பின்பக்கம் பார்த்தபடி. அன்புவழிபுரத்திலிருந்து ஆஸ்பத்திரிவரை பின்னால் வந்த வாகனக்காரர்களெல்லாம் தங்களைத்தான் பார்க்கிறார் என்று கை காட்டியிருக்கிறார்கள். இவரும் எல்லோருக்கும் கை காட்டியிருக்கிறார். கிளினிக்கில் சனக் கூட்டம். டொக்டர் "நல்லா மினுங்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு வெட்டியெடுத்தாராம். செதில் என்றால் மினுங்கும்தானே என்று நானும் விட்டுவிட்டேன்.

துண்டு வந்தது. மெழுகில் புதைத்தாயிற்று. கிண்ணியாக்காரர் இயந்திரத்தில் பூட்டிச் சீவத் தொடங்கினார். கிர் என்று ஒரு சத்தம்.

"யா அல்லாஹ்! அக்கா, பிளேட் போச்சு. உங்கட ஆளின்ட தோலில என்ன, இரும்பா கிடக்கு?"

புதுப் பிளேட் போட்டார். துண்டின் விளிம்பு கிழிந்து சுருண்டது. இன்னும் இரண்டு முறை இப்படிப் போனால் துண்டே முடிந்துவிடும். பிறகு இன்னொரு மாதம், இன்னொரு மாமரம், இன்னொரு மோட்டர்ப் பாடம். அவர் கையை எடுத்துவிட்டார். "அக்கா, எனக்கு ஏலாது."

டொக்டரம்மா வந்து பார்த்தார். யோசித்தார். "மிஸ், நீங்க வெட்டுங்க. வேற வழி இல்ல."

மெழுகுக் கட்டியை ஐஸில் வைத்துக் கல்லாக்கினேன். பிளேட்டின் புது முனைக்கு நகர்த்தினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, சக்கரத்தை மெதுவாகச் சுற்றினேன். கிழியவில்லை. மெல்லிய நாடாவாக வந்தது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டேன், மடிப்பு விரிந்தது. ஒரு விளிம்பில் மட்டும் என்னமோ பளிச்சென்று ஒரு கோடு. ஐஸ் தண்ணீர் பட்டிருக்கும் என்று நினைத்துக் கண்ணாடியில் ஏற்றினேன். சாயம் போட்டுக் கொடுத்துவிட்டு டொக்டரம்மாவின் கதவடியில் நின்றேன்.

அவர் பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். வில்லையை மாற்றினார். தலையை எடுத்துக் கண்ணைக் கசக்கிவிட்டுத் திரும்பவும் பார்த்தார். போனை எடுத்துப் படம் பிடித்தார்.

"மிஸ், இங்க வாங்க. மேல்மாடிக்கு மேல இன்னொரு மாடி கிடக்குது."

"என்ன மாடி டொக்டர்?"

"கண்ணாடி மாதிரி. ரெண்டு அடுக்கு. நான் படிச்ச ஒரு புத்தகத்திலயும் இப்படி இல்ல. கண்டியில என்ட பேராசிரியருக்குப் படம் அனுப்பப் போறன்." அவர் முகத்தில் பரபரப்பு. புது வருத்தம் ஒன்றையே கண்டுபிடித்துவிட்ட முகம்.

இரண்டு பேர் பார்க்கக்கூடிய நுணுக்குக்காட்டியின் மற்றத் தலையில் நான் கண்ணை வைத்தேன். மெல்லிய மஞ்சள் அடித்த, தெளிந்த, வழவழப்பான இரண்டு அடுக்கு. ஒன்றின் மேல் ஒன்று, சீராக, ஒரு குமிழிகூட இல்லாமல். அந்தக் கைவேலையை எங்கே கண்டாலும் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் கதவு, யன்னல், மேசை எல்லாவற்றிலும் அது இருக்கிறது.

"டொக்டர், அனுப்பாதேங்கோ. அது வார்னிஷ்."

"என்ன?"

"வள்ளத்துக்குப் பூசுற வார்னிஷ். கடல் தண்ணிக்கே அசையாது."

எங்கள் அல்ககோலுக்கும் மற்ற மருந்துகளுக்கும் அது எங்கே அசையப்போகிறது! டொக்டரம்மா என்னைப் பார்த்தார். வாயைப் பொத்தினார். பிறகு மேசையில் தலையை வைத்துச் சிரித்த சிரிப்பில் நுணுக்குக்காட்டி ஆடியது. வாசலில் கிண்ணியாக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். நான் மட்டும் சிரிக்கவில்லை. "டொக்டர், அது கிடக்கட்டும். கீழ என்ன?" என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணாடித் துண்டை மெதுவாக நகர்த்தினார். வார்னிஷுக்குக் கீழே மேல்மாடி முழுவதும் இருந்தது. ஒரு செதில்கூட உதிரவில்லை, பூசியவர் அப்படி ஒட்டி வைத்திருந்தார். அந்தச் செதிலுக்குள் இங்கே ஒரு கூட்டம், அங்கே ஒரு கூட்டம், துண்டு துண்டான கரு. நியூட்ரோபில்.

"சீழ், மிஸ்" என்றார் டொக்டரம்மா. "நல்ல சீழ்."

"கீழ்மாடி?"

"கீழ ஒரு கட்டியும் இல்ல. சும்மா ரெண்டு மூண்டு லிம்போசைட் வேடிக்கை பாத்துக்கொண்டு நிக்குது. எண்டாலும் பங்கஸ், பூஞ்சணம் வந்தாலும் இப்படிச் சீழ் இருக்கும், அதுக்கு ஒரு சாயம் போட்டுப் பாத்துட்டுச் சொல்றன். அதுவரைக்கும் கதைக்கக் கூடாது."

அந்தச் சாயத்தையும் நானே போட்டேன். பங்கஸும் இல்லை. மத்தியானம் டொக்டரம்மா சொரியாசிஸ் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். நான் போனை எடுத்துக்கொண்டு நடைக்கு ஓடினேன். நடை முழுக்க வாங்குகளில் நோயாளர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். படகு முற்றத்தில் கிரைண்டர் ஓடும் சத்தத்துக்கு நடுவில் அவர் போனை எடுத்தார்.

"என்ன? கேக்கேல்ல! சத்தமாச் சொல்லும்!"

"சீழ்!"

"என்ன?"

"சீழ்! மேல்மாடியில சீழ்! மற்றது இல்லை!"

அந்தப் பக்கம் அவர் யாருக்கோ "எனக்குச் சீழாம்!" என்று கத்துவது கேட்டது. என்ன, ஏது என்று தெரியாமலே முற்றத்தில் ஆட்கள் கை தட்டினார்கள். எனக்கு அப்போதுதான் கோபம் வந்தது.

"ஆரைக் கேட்டு வார்னிஷ் பூசினீங்கள்?"

"விழக்கூடாது எண்டு நீர்தானே சொன்னனீர். அதுதான் ரெண்டு கோட் அடிச்சனான். முதல் கோட் காயவிட்டுத்தான் மற்றது."

நான் திட்டத் தொடங்க முதல் அவரே கேட்டார். "அப்ப இது மாறிடுமோ?"

டொக்டரம்மா இதையும் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். "மாறாதாம். மருந்து பூசினா அடங்கும், பிறகு வரும். சீவியம் முழுக்க இருக்குமாம்."

கிரைண்டர் சத்தம் நின்றது. அவர் போனோடு எங்கேயோ தள்ளிப் போயிருக்கவேண்டும்.

"சீவியம் முழுக்கவோ?"

"ஓம்."

"எண்பது வயசிலயும் இருக்குமோ?"

"இருக்கும்."

"தொண்ணூறிலயும்?"

"தொண்ணூறிலயும் சொறிஞ்சுகொண்டு திரிவியள்."

அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அப்ப இருக்கட்டும்" என்றார். "இருந்திட்டுப் போகட்டும்."

போனைக் காதில் பிடித்தபடி சுவரோடு சாய்ந்து, அத்தனை சனத்துக்கு முன்னால், விக்கி விக்கி அழுதேன். பக்கத்து வாங்கில் இருந்த கிழவர் ஒருவர் மெதுவாக எழும்பி வந்து, தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

"என்ன பிள்ளை, ஆரும் செத்திட்டினமோ?"

"இல்லை ஐயா," என்றேன். "ஒருத்தரும் சாகேல்ல."